புதுமுக பாஸ் ரஷரின் திறனை முதல் சில மாதங்களில் மதிப்பிடுவது எப்படி

அமெரிக்கக் கால்பந்தில், பந்தை எறிந்து தாக்குதலை நடத்தும் குவாட்டர்பேக்குக்கு அடுத்தபடியாக அணிகள் தேடி அலைவது பாஸ் ரஷரைத்தான். எதிரணியின் குவாட்டர்பேக் பந்தை எறிவதற்குள் தடுப்பாளரைக் கடந்து அவரை எட்டிவிட வேண்டும் என்பதே இவருடைய வேலை. அணிகள் கல்லூரி வீரர்களை முறைவைத்துத் தேர்ந்தெடுக்கும் ஏப்ரல் மாத டிராஃப்டில் முதல் சுற்றில் தேர்வான ஒரு இளைஞர், செப்டம்பரில் சீசன் தொடங்கி நான்கு வாரங்கள் ஆவதற்குள் "தேறுவாரா, மாட்டாரா" என்ற விசாரணைக்கு உள்ளாகிவிடுகிறார். அந்த விசாரணையில் சாட்சியாக நிறுத்தப்படுவது பெரும்பாலும் அவருடைய சேக் எண்ணிக்கை, அதாவது பந்து கையில் இருக்கும்போதே குவாட்டர்பேக்கை அவர் எத்தனை முறை வீழ்த்தினார் என்ற கணக்கு. முதல் ஆண்டில் மிகக் குறைவாக நம்ப வேண்டிய எண் அதுதான் என்பது என் உறுதியான கருத்து. அவர் எப்படி வெல்கிறார், யாரை வெல்கிறார், எத்தனை விரைவில் வெல்கிறார் என்பவற்றைத் தனித்தனியாகப் பார்த்து, அவற்றுள் உடலோடு வந்தது எது, பயிற்சியால் வளரக்கூடியது எது என்று பிரித்தறிந்தால், சீசனின் பாதியிலேயே ஓரளவு நம்பத்தக்க முடிவுக்கு வந்துவிடலாம்.

சேக் எண்ணிக்கை எங்கே ஏமாற்றுகிறது

கலீல் மேக் 2014-இல் ஓக்லாந்து அணிக்காக ஆடிய முதல் சீசனில் 4 சேக்குகள் மட்டுமே எடுத்தார். மறு ஆண்டு 15 எடுத்து, 2016-இல் தொழில்முறை லீக்கான என்எஃப்எல்லின் சிறந்த தற்காப்பு வீரர் விருதையும் பெற்றார். ஜேசன் பியர்-பால் 2010-இல் 4.5 சேக்குகளுடன் (இருவர் சேர்ந்து வீழ்த்தினால் ஆளுக்கு அரை சேக்) தொடங்கி 2011-இல் 16.5-ஐ எட்டினார். மைக்கேல் ஸ்ட்ரேஹன் 1993-இல் எடுத்தது ஒன்றே ஒன்று. ஓய்வு பெறும்போது அவருடைய கணக்கில் 141.5 இருந்தன. எதிர்த்திசையிலும் உதாரணங்கள் உண்டு. 1999-இல் டென்னசி அணியின் ஜெவோன் கியர்ஸ் 14.5 சேக்குகளுடன் புதுமுக வீரர்களுக்கான சாதனையைப் படைத்தார். அதன்பின் எந்த ஆண்டிலும் அந்த எண்ணை அவரால் மீண்டும் தொட முடியவில்லை. 2020-இல் 7.5 சேக்குகளுடன் சிறந்த புதுமுகத் தற்காப்பு வீரர் விருது பெற்ற சேஸ் யங், அடுத்த சீசனில் முழங்கால் காயத்தால் வெளியேறும் முன் ஆடிய 9 ஆட்டங்களில் 1.5 மட்டுமே எடுத்தார்.

இதற்குக் காரணம் எளிமையானது. முழுநேரமாக ஆடும் ஒரு பாஸ் ரஷர் ஓர் ஆட்டத்தில் ஏறத்தாழ 25 முதல் 30 முறை குவாட்டர்பேக்கை நோக்கிப் பாய்வார். நான்கு ஆட்டங்கள் என்றால் சுமார் 100 பாய்ச்சல்கள். அவற்றில் பத்தில் குவாட்டர்பேக்குக்கு நெருக்கடி கொடுத்தால் அது நடுத்தரமான தேர்ச்சி, பதினைந்துக்கு மேல் கொடுத்தால் மிக உயர்ந்த தேர்ச்சி. அந்த நெருக்கடிகளில் ஐந்திலோ ஏழிலோ ஒன்றுதான் சேக்காக முடியும். ஆகவே நான்கு வாரக் கணக்கில் ஒரு வீரரிடம் ஒரு சேக்கும் இன்னொருவரிடம் மூன்று சேக்குகளும் இருப்பதற்குத் திறமைதான் காரணம் என்று சொல்லிவிட முடியாது. பின்களத் தற்காப்பாளர்கள் அரை நொடி கூடுதலாக எதிராளியை மறித்து நின்றதோ, குவாட்டர்பேக் பந்தை விடத் தயங்கியதோகூடக் காரணமாக இருக்கலாம். கிரிக்கெட்டில் மட்டையின் விளிம்பை ஒட்டித் தொடர்ந்து பந்தை வெளியே எடுத்துச் செல்லும் பந்துவீச்சாளரை, விக்கெட் விழாத காரணத்தால் யாரும் மோசமானவர் என்று சொல்வதில்லை; அதே நிதானம் இங்கும் வேண்டும். 2024-இல் ராம்ஸ் அணியின் ஜாரெட் வெர்ஸ் வெறும் 4.5 சேக்குகளுடன் சிறந்த புதுமுகத் தற்காப்பு வீரராகத் தேர்வானது, வாக்களித்தவர்களும் இதை உணரத் தொடங்கிவிட்டார்கள் என்பதைக் காட்டுகிறது. வாரந்தோறும் அவர் தடுப்பாளர்களைப் பின்னோக்கித் தள்ளியதை ஆட்டம் பார்த்தவர்கள் எல்லோரும் கண்டார்கள்.

சேக்குகள் ஒரே நாளில் குவிவதையும் கவனிக்க வேண்டும். 2019-இல் மேக்ஸ் கிராஸ்பி எடுத்த 10 சேக்குகளில் 4 சின்சினாட்டிக்கு எதிரான ஒரே ஆட்டத்தில் வந்தவை. 2022-இல் ஏடன் ஹட்சின்சன் எடுத்த 9.5-இல் 3 வாஷிங்டனுக்கு எதிராக ஒரே பாதியில் வந்தவை. இருவரும் பின்னாளில் உண்மையான நட்சத்திரங்களாகவே நிலைத்தார்கள் என்பதால், இத்தகைய குவியலைக் குறையாகவும் எடுத்துக்கொள்ள வேண்டாம். அதை வைத்து முடிவு செய்யாமல் இருந்தால் போதும்.

ஒரு பாய்ச்சலை நிறுத்தி நிறுத்திப் பார்ப்பது

தொலைக்காட்சி ஒளிபரப்பில் கேமரா பந்தின் பின்னால் போய்விடுவதால், தடுப்பு வரிசையில் நடப்பது முழுமையாகத் தெரியாது. 22 வீரர்களையும் காட்டும் பயிற்சியாளர் காணொளியும், குறிப்பாக மைதானத்தின் முனையிலிருந்து உயரக் கோணத்தில் எடுத்த காட்சியும் கிடைத்தால், அதையே பயன்படுத்துங்கள். ஒரு பாய்ச்சல் மொத்தமே இரண்டரை நொடி முதல் மூன்று நொடிக்குள் முடிந்துவிடும். அதை நான்கு இடங்களில் நிறுத்திப் பார்ப்பது என் வழக்கம்.

முதல் நிறுத்தம், பந்தைக் குவாட்டர்பேக்கிடம் தரும் நடு வீரரான சென்டரின் கையிலிருந்து பந்து அசையும் கணம். தற்காப்பு வரிசையில் முதலில் அசைந்தவர் நம்முடைய வீரரா என்று பாருங்கள். வரிசையிலுள்ள நான்கு தலைக்கவசங்களில் ஒன்று மட்டும் மற்றவற்றைவிடத் தெளிவாக முன்னே போயிருந்தால், அது மீண்டும் மீண்டும் நடந்தால், அது பெரிய செய்தி. எப்போதாவது ஒருமுறை நடந்தால், பந்து எப்போது அசையும் என்று எதிரணி குரலால் தரும் எண்ணிக்கையை அவர் ஊகித்திருக்கிறார் என்று மட்டும் கொள்ளலாம். இப்படி ஊகித்துப் பாய்பவர்கள் பந்து அசையும் முன்பே கோட்டைத் தாண்டியதற்கான ஆஃப்சைடு அபராதமும் வாங்கித் தருவார்கள்; அந்தக் கணக்கையும் சேர்த்துப் பாருங்கள்.

இரண்டாவது நிறுத்தம் மூன்றாம் அடி. இப்போது பார்க்க வேண்டியது ரஷரை அன்று, எதிரேயுள்ள டேக்கிளை, அதாவது தடுப்பு வரிசையின் ஓரத்தில் நிற்பவரை. அவர் பின்வாங்கும் அடிகள் சீராக இருக்கின்றனவா, அல்லது தோள்கள் பக்கவாட்டில் திரும்பி, இடுப்பு திறந்து, அவசரப்படுகிறாரா? டேக்கிள் அவசரப்பட்டால், ரஷரின் வேகத்தை அவர் மதிக்கிறார் என்று பொருள். ஒரு வீரரைப் பற்றிய நேர்மையான மதிப்பீடு எதிராளியின் கால்களில் எழுதப்பட்டிருக்கும். விமர்சகர்களின் பேச்சைவிட நான் அதை நம்புகிறேன்.

மூன்றாவது, கைகள் சந்திக்கும் இடம். யாருடைய கை முதலில் பட்டது, எங்கே பட்டது? டேக்கிளின் கைகள் ரஷரின் மார்பில் அழுந்தப் பதிந்துவிட்டால் அந்தப் பாய்ச்சல் பெரும்பாலும் முடிந்தது. ரஷர் டேக்கிளின் வெளிப்புற மணிக்கட்டையோ முழங்கையையோ குறிபார்த்து அடித்து விலக்கினால், அங்கே ஒரு திட்டம் இருக்கிறது. இரு கைகளும் காற்றில் சுழன்றுகொண்டிருந்தால், கல்லூரியில் உடல் வலிமையால் மட்டும் வென்று பழகியவர் என்று ஊகிக்கலாம்.

நான்காவது நிறுத்தம் வளைவின் உச்சி, அதாவது ஐந்தாம் ஆறாம் அடிகளில் அவர் வெளியிலிருந்து உட்புறமாகக் குவாட்டர்பேக்கை நோக்கித் திரும்பும் இடம். உள்தோள் தாழ்ந்து, உடல் தரையை நோக்கிச் சாய்ந்தும் வேகம் குறையாமல், பாதங்கள் குவாட்டர்பேக்கை நோக்கியே இருந்தால், அதுதான் பயிற்சியாளர்கள் ஏங்கும் வளைவுத்திறன். டேக்கிளைத் தாண்டிவிட்டும் திரும்ப முடியாமல் குவாட்டர்பேக்குக்கு இரண்டு யார்டு பின்னால் ஓடிப்போகிறவர் பார்ப்பதற்கு வேகமாகத் தெரிவார். உண்மையில் குவாட்டர்பேக் முன்னே அடியெடுத்து வைக்க அவரே வழி திறந்துவிட்டிருக்கிறார். இந்தப் பிழையை ஒளிபரப்பில் பாராட்டாகச் சொல்லிவிடுவதும் உண்டு.

உடலோடு வருவதும் பழகி வருவதும்

மேலே சொன்ன நான்கில் முதலாவதும் நான்காவதும், அதாவது முதல் அடியின் வெடிப்பும் இடுப்பு, கணுக்கால்களின் வளைவும், இருபத்திரண்டு வயதுக்குப் பிறகு அதிகம் மாறுவதில்லை. கைவேலையும் திட்டமும் மாறும். சிலரிடம் வியக்கத்தக்க அளவில் மாறும். இந்த வேறுபாட்டை மனத்தில் கொண்டால் முதலாண்டுக் குறைகளில் எதை மன்னிக்கலாம், எதை மன்னிக்கக் கூடாது என்பது விளங்கும்.

டேனியல் ஹண்டர் எல்எஸ்யூ பல்கலைக்கழகத்தில் ஆடிய கடைசி ஆண்டில் 1.5 சேக்குகள்தான் எடுத்திருந்தார். அதனாலேயே 2015 டிராஃப்டில் மூன்றாம் சுற்றுக்கு, 88-ஆவது இடத்துக்கு, இறங்கினார். அப்போது அவருக்கு வயது 20. மின்னசோட்டாவின் தற்காப்பு வரிசைப் பயிற்சியாளர் ஆண்ட்ரே பேட்டர்சனிடம் பயின்ற அவர், முதல் ஆண்டில் 6, இரண்டாம் ஆண்டில் 12.5 என உயர்ந்தார். உடல் முன்னமே இருந்தது. கைகள் பின்னால் வந்தன. ஜோயி போசாவின் கதை வேறு. 2016-இல் ஒப்பந்தத் தகராறாலும் தொடைத்தசைக் காயத்தாலும் பயிற்சி முகாமையும் முதல் நான்கு ஆட்டங்களையும் இழந்த அவர், அதன்பின் ஆடிய 12 ஆட்டங்களில் 10.5 சேக்குகள் எடுத்தார். முதல் ஆட்டத்திலேயே பத்தாண்டு ஆடியவரைப் போலக் கைகளைப் பயன்படுத்தினார். இத்தகைய வீரர் உடனே பலன் தருவார் என்பதில் ஐயமில்லை. ஆனால் அவரிடம் இனி வளர்வதற்கு மிச்சமிருப்பது ஹண்டரைப் போன்றவரிடம் இருப்பதைவிடக் குறைவாக இருக்கலாம்.

இண்டியானாபொலிஸில் நடக்கும் உடற்திறன் சோதனை முகாமின் எண்களை இந்த இடத்தில் துணைக்கு அழைக்கலாம். மூன்று கூம்புகளைச் சுற்றி ஓடும் சோதனையை வான் மில்லர் 6.70 நொடியிலும், ஹட்சின்சன் 6.73 நொடியிலும், டி.ஜே. வாட் 6.79 நொடியிலும் முடித்தார்கள். திரும்பும் திறனை அது ஓரளவு காட்டுகிறது. நேர்கோட்டு வேகமும் எடை தூக்கும் வலிமையும் அதே அளவு சொல்வதில்லை. வெர்னன் கோல்ஸ்டன் ஒஹாயோ ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் 2007-இல் 14 சேக்குகள் எடுத்தவர், சோதனை முகாமில் அனைவரையும் வியக்க வைத்தவர், 2008-இல் ஆறாவது வீரராக நியூயார்க் ஜெட்ஸ் அணிக்குத் தேர்வானவர். அந்த அணியில் இருந்த மூன்று சீசன்களில் ஒரு சேக்கும் எடுக்கவில்லை. எண்கள் காணொளியில் தெரிவதை உறுதிசெய்ய வேண்டும். காணொளியில் தெரியாததை எண்களைக் கொண்டு நிரப்பக் கூடாது.

ஐந்தாம் வாரத்துக்குப் பிறகு வரும் சோதனை

புதுமுக வீரரின் முதல் சில ஆட்டங்களில் எதிரணியிடம் அவரைப் பற்றிய என்எஃப்எல் காணொளி எதுவும் இருப்பதில்லை. ஆகவே கல்லூரியில் கைவந்த ஒரே உத்தியைக்கொண்டு நான்கைந்து வாரங்களை ஓட்டிவிட முடியும். அதன்பின் டேக்கிள்கள் அந்த உத்திக்காகக் காத்திருக்கத் தொடங்குவார்கள். என்னைப் பொறுத்தவரை ஐந்தாம் வாரம் முதல் ஒன்பதாம் வாரம் வரையிலான காலமே மதிப்பீட்டின் மையம். முதல் முயற்சி தடைபட்டதும் அவர் என்ன செய்கிறார்? நின்று தள்ளிக்கொண்டே இருக்கிறாரா, அல்லது வெளிப்பாய்ச்சலை டேக்கிள் மறிக்கும் கணத்திலேயே உட்புறம் வெட்டுகிறாரா?

இதில் ஒன்றைத் தெளிவுபடுத்த வேண்டும். இரண்டாம் உத்தி என்பது தனியாக நிற்கும் வித்தை அன்று. முதல் உத்தியின் மீதான அச்சத்திலிருந்துதான் அது பிறக்கிறது. டுவைட் ஃப்ரீனி 2002-இல் 13 சேக்குகள் எடுத்தபோது அவருடைய சுழல் நகர்வைப் பற்றியே எல்லோரும் பேசினார்கள். அது பலித்ததற்குக் காரணம், அவருடைய வெளிப்புற வேகத்துக்கு அஞ்சி டேக்கிள்கள் முன்கூட்டியே வெளியே சாய்ந்ததுதான். வெளிவேகம் இல்லாத ஒருவர் அதே சுழலைச் செய்தால் டேக்கிள் அசையாமல் நின்று முதுகிலேயே பிடித்துக்கொள்வார். எனவே புதுமுக வீரர் முதல் பாதியில் மூன்று முறை வெளியே பாய்ந்து தோற்று, நான்காம் கால்பகுதியில் உட்புறமாக வெட்டி வென்றால், அந்த மூன்று தோல்விகளையும் வெற்றியின் கணக்கிலேயே எழுதுங்கள். அவர் ஆட்டம் முழுவதையும் திட்டமிட்டு ஆடுகிறார் என்பதற்கு இதைவிட நல்ல சான்று கிடைப்பது அரிது.

யாருக்கு எதிராக, எந்தச் சூழலில்

ஒவ்வொரு வெற்றிக்கும் எதிரே ஒரு பெயரைக் குறித்துக்கொள்ளுங்கள். ஆகஸ்ட் மாதப் பயிற்சி ஆட்டங்களில் பெற்ற வெற்றிகள் பெரும்பாலும் அணியில் இடமே உறுதியாகாத தடுப்பாளர்களுக்கு எதிரானவை; அவற்றில் முதல் அடியை மட்டும் பாருங்கள், முடிவைப் பார்க்க வேண்டாம். காயமடைந்தவருக்குப் பதிலாக வந்த டேக்கிளையும், தடுப்பு வரிசையின் ஓரத்தில் நின்று பந்தையும் பிடிக்கும் டைட் எண்டையும் வென்றதற்கு அரை மதிப்பெண் போதும்.

அதேபோல, யாரும் தடுக்காமல் வந்த நெருக்கடிகளைக் கணக்கிலிருந்து நீக்கிவிடுங்கள்; அவை பயிற்சியாளரின் திட்டத்துக்குச் சேர வேண்டிய பெருமை. அருகில் ஆடுபவர்களின் பங்கும் பெரியது. 2011-இல் சான் ஃபிரான்சிஸ்கோவின் ஆல்டன் ஸ்மித் ஓர் ஆட்டத்தைக்கூடத் தொடக்க வீரராக ஆடாமல், பாஸ் எதிர்பார்க்கப்படும் தருணங்களில் பெரும்பாலும் இறங்கியே 14 சேக்குகள் எடுத்தார். பக்கத்தில் இருந்த ஜஸ்டின் ஸ்மித் தடுப்பாளர்களைப் பிடித்து இழுத்து வைத்துக்கொள்ள, ஆல்டன் அவரைச் சுற்றி உள்ளே நுழைவது அந்த இணையின் புகழ்பெற்ற ஏற்பாடு. 2012-இல் முதல் 13 ஆட்டங்களில் 19.5 சேக்குகளை எட்டிய ஆல்டன், டிசம்பரில் ஜஸ்டின் காயமடைந்த ஆட்டத்திலிருந்து வழக்கமான சீசன் முடியும்வரை ஒன்றும் சேர்க்கவில்லை. ஆல்டனிடம் திறமை இல்லை என்று இதற்குப் பொருள் கொள்ளக் கூடாது. இருவர் சேர்ந்து ஈட்டியதை ஒருவர் பெயரில் மட்டும் எழுதிவிட்டோம் என்றே கொள்ள வேண்டும்.

மறுபக்கம், டைட் எண்டோ, பந்தை ஏந்தி ஓடும் ரன்னிங் பேக்கோ போகிற போக்கில் தோளால் இடித்துவிட்டுச் செல்வதும், தடுப்பு வரிசை முழுவதும் அவர் பக்கமாகச் சரிவதும் புதுமுக வீரருக்குக் கிடைக்கும் மறைமுகப் பாராட்டுகள். எதிரணி அவருக்காக இரண்டு ஆட்களைச் செலவிடத் தொடங்கிய வாரத்தைக் குறித்து வையுங்கள். அவரைப் பிடித்து இழுத்ததற்காக எதிரணி பெற்ற ஹோல்டிங் அபராதங்களையும் எண்ணுங்கள். அவை எந்தச் சேக் பட்டியலிலும் வராத வெற்றிகள்.

பந்தை இரண்டு நொடிக்குள் எறிந்துவிடும் அணிகளுக்கு எதிராக எந்த ரஷரும் எண்களைக் குவிக்க முடியாது. ஆகவே குவாட்டர்பேக் முழுமையாகப் பின்வாங்கி நின்று எறிந்த பாய்ச்சல்களை மட்டும் தனியே பிரித்துப் பார்ப்பது நல்லது. தோள்பட்டைக் கவசத்தில் பதித்த சில்லுகளின் தரவைக்கொண்டு, இரண்டரை நொடிக்குள் தடுப்பாளரை வென்றாரா என்று இஎஸ்பிஎன் கணக்கிடும் வெற்றி விகிதம் இதற்கு உதவும். ஆனால் மூன்றாம் டவுனில் (பத்து யார்டு முன்னேறக் கிடைக்கும் நான்கு முயற்சிகளில் மூன்றாவதில்) மட்டும் களமிறங்குபவரின் விகிதத்தையும் எல்லா டவுன்களிலும் ஆடுபவரின் விகிதத்தையும் அருகருகே வைத்து ஒப்பிடுவது நியாயமாகாது. முன்னவர் புத்துணர்ச்சியோடு வருகிறார், பாஸ்தான் வரும் என்று அறிந்தும் வருகிறார்.

பொறுப்பு, வயது, களைப்பு

அணி அவருக்குக் கொடுத்த வேலை எது என்பதையும் கேளுங்கள். 2021-இல் டாலஸ் அணி மைக்கா பார்சன்ஸைத் தற்காப்பின் முன்வரிசைக்குப் பின்னால் நிற்கும் லைன்பேக்கராகவே தேர்ந்தெடுத்தது. முன்வரிசையின் முனையில் ஆடிய டெமார்கஸ் லாரன்ஸின் பாதம் முறிந்த பிறகு, இரண்டாம் வாரத்தில் பார்சன்ஸை அங்கே நிறுத்திப் பார்த்தார்கள். அந்தச் சீசன் 13 சேக்குகளில் முடிந்தது. 2022-இன் முதல் தேர்வான டிராவோன் வாக்கர், ஜார்ஜியா பல்கலைக்கழகத்தில் பல நேரங்களில் உட்புறத்தில் ஆடி வளர்ந்தவர். முனையில் தனியாகப் பாய்வதை என்எஃப்எல்லில்தான் பழக வேண்டியிருந்தது. முதல் ஆண்டில் 3.5, பிறகு 10, அதன்பின் 10.5 என்ற அவருடைய வரிசை, பொறுமைக்குக் காரணம் இருக்கும்போது பொறுப்பதே சரி என்பதற்குச் சான்று. ரன் தடுப்பில், அதாவது பந்தை ஏந்தி ஓடுபவரை மறிப்பதில், தன் இடத்தைக் காக்கத் தெரியாதவருக்கு முதல் இரண்டு டவுன்களில் வாய்ப்பே கிடைக்காது என்பதால், அதையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். அதற்கு மேல் அதில் நேரம் செலவிட வேண்டியதில்லை.

இருபது வயதுக்காரரின் உடல் வலிமைக் குறையையும் இருபத்துநான்கு வயதுக்காரரின் அதே குறையையும் ஒரே தட்டில் வைக்கக் கூடாது. கல்லூரியில் பன்னிரண்டு பதின்மூன்று ஆட்டங்கள் ஆடிப் பழகியவர், ஓய்வின்றிச் சோதனை முகாமுக்குத் தயாராகி, பிறகு 17 ஆட்டங்கள் கொண்ட சீசனை எதிர்கொள்கிறார். டிசம்பரில் முதல் அடி மந்தமாவதைக் கண்டு பதற வேண்டாம். ஒரே ஆட்டத்துக்குள் முதல் கால்பகுதிக்கும் நான்காம் கால்பகுதிக்கும் இடையே அந்த மந்தம் அக்டோபரிலேயே தெரிந்தால் மட்டும் கவலைப்படுங்கள்.

காயத்தால் ஆட்டங்கள் குறைந்தவரை ஆட்டக் கணக்கில் அளக்காமல் பாய்ச்சல் கணக்கில் அளக்க வேண்டும். மைல்ஸ் காரெட் 2017-இல் கணுக்கால் சுளுக்கால் முதல் நான்கு ஆட்டங்களை இழந்து, தன் முதல் ஸ்னாப்பிலேயே, அதாவது களத்தில் அவருக்காகப் பந்து அசைந்த முதல் முறையிலேயே, சேக் எடுத்து, 11 ஆட்டங்களில் 7-ஐ எட்டினார். சீசன் மொத்தத்தை மட்டும் பார்த்தவர்களுக்கு அது சாதாரணமாகத் தெரிந்தது. ஜடேவியன் கிளவ்னி 2014-இல் முதல் ஆட்டத்திலேயே முழங்கால் காயமடைந்து, 4 ஆட்டங்களில் ஒரு சேக்கும் இல்லாமல் சீசனை முடித்து, அறுவைச் சிகிச்சைக்குப் போனார். 2016 முதல் 2018 வரை மூன்று முறை, சீசனின் சிறந்த வீரர்களைக் கௌரவிக்கும் ப்ரோ பௌலுக்குத் தேர்வானார். நூறு பாய்ச்சல்கள்கூட ஆடாத வீரரைப் பற்றிய உங்கள் குறிப்பில் முதல் அடியையும் வளைவையும் மட்டும் எழுதிவிட்டு, மற்ற பகுதிகளை அடுத்த செப்டம்பர்வரை வெற்றிடமாகவே வைத்திருங்கள்.